நைட்ரஜனுக்கு வரம்பு உண்டு, குழியில் இறங்குபவருக்கு? – சென்னைக் கழிவுநீர்த் திட்டங்களின் வரலாறு

2019 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கத்துக் கடலில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. மறுநாள் எல்லாருடைய அலைபேசியிலும் அந்தப் படம்தான். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி அது. இப்படிப் பெருகுவதற்கு, கடலில் கலக்கும் கழிவுநீரின் சத்தும் ஒரு காரணமாகிறது என்பது கடல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருவது. அந்தச் சத்தில் முதன்மையானது நைட்ரஜன்.

கடலுக்குப் போகும் நைட்ரஜனைக் குறைக்க வேண்டும் என்று இன்று ஊர்தோறும் கழிவுநீர்த் திட்டங்கள் வகுக்கிறார்கள். இதை இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கென்ன என்று தோழர்கள் பலர் கடந்து போய்விடுகிறோம். கடந்து போகக் கூடாது. ஏன் என்பதற்குச் சென்னையின் வரலாறே சாட்சி.

கூடையிலிருந்து குழாய்க்கு

நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீராக வெளியேறுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம். பத்து லட்சம் பேர் வாழும் ஊர் என்றால் தினமும் 10 டன். மண்ணில் சேர்ந்தால் உரம். தேங்கிய முகத்துவாரத்தில் சேர்ந்தால் பாசி பெருகும், பாசி அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீரும், மீன் சாகும்.

பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் நகரத்துக் கழிவு எடுப்புக் கக்கூஸிலிருந்து கூடையில் போனது, கூடையிலிருந்து வண்டிக்குப் போனது. நகராட்சிகள் பலவற்றில் அதை மக்கவைத்து எருவாக விற்றார்கள். நைட்ரஜன் நிலத்துக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் யாருடைய தலையில் ஏறித் திரும்பியது? சென்னையில் அந்த வேலை, தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர்கள், அருந்ததியர்கள் உள்ளிட்ட தலித் சாதிகளின் மேல் சுமத்தப்பட்டது. "இயற்கையோடு இயைந்த பழைய முறை" என்று இன்று யாராவது உருகினால், அந்தக் கூடையைச் சுமந்தவர் யார் என்று கேளுங்கள்.

கேப்டன் டல்லோக் என்ற ராணுவப் பொறியாளர் மதராஸுக்கு ஒரு வடிகால் திட்டத்தை 1865-இலேயே எழுதிக் கொடுத்தார். ஆனால் நகரம் முழுவதற்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-இல்தான் வகுக்கப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஒரே நகரத்தில் ஒருபக்கம் சாதியைக் கேள்வி கேட்கும் எழுத்து, மறுபக்கம் சாதியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாத திட்டம்.

அந்தத் திட்டம் 1961-இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் என்று கணக்குப் போட்டது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதராஸில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். மிஞ்சிய கழிவு எங்கே போகும்? மழைநீர்க் கால்வாய்க்கு, பக்கிங்காம் கால்வாய்க்கு, கூவத்துக்கு, அடையாற்றுக்கு. அங்கிருந்து கடலுக்கு. துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து கூவத்தின் வாய் வருடத்தில் பெரும்பாலான நாள் அடைபட்டுக் கிடக்க, நைட்ரஜன் அங்கேயே தேங்கியது.

கணக்கில் வராதவை இன்னும் உண்டு. குழாய் அடைத்தால் எப்படித் திறப்பது? யார் திறப்பது? கூடை சுமந்தவரின் மகன் மேன்ஹோலில் இறங்கினார். வேலை மாறியது, வேலைக்காரர் மாறவில்லை.

எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்

கொடுங்கையூரில் கழிவுநீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். பிறகு அங்கேயே சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி மற்றவை. இவற்றில் கொடுங்கையூரும் பெருங்குடியும் நகரத்தின் குப்பை மேடுகளும்கூட. கழிவுநீருக்கும் குப்பைக்கும் இடம் பார்க்கும்போது அதிகாரிகளின் விரல் வரைபடத்தில் ஒரே இடத்துக்குப் போவது தற்செயல் அல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். கொடுங்கையூரில் சுத்திகரித்த நீரை மணலியில் உள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலை வாங்கி மேலும் சுத்தம் செய்து பயன்படுத்துகிறது. அந்த ஆலை தயாரிப்பது யூரியா, அதில் 46 சதவீதம் நைட்ரஜன். காற்றிலிருந்து பெரும் எரிசக்தி செலவழித்து நைட்ரஜன் எடுக்கிறோம், பக்கத்திலேயே ஆற்றோடு நைட்ரஜனைக் கடலில் விடுகிறோம். நடுவில் வடசென்னை மக்கள் மூச்சு விடுகிறார்கள்.

கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று வந்த திட்டங்களில் வேகமாக நடந்தது எது? கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள், கூலி உழைப்பாளிகள். மக்கள் போனார்கள், சாக்கடை இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

ஒரு வரி வந்த கதை

சுத்திகரிப்பு நிலையம் என்றாலே நைட்ரஜன் நீங்கிவிடும் என்பதில்லை. பழைய நிலையங்கள் அழுகும் பொருளைக் குறைக்கவே கட்டப்பட்டவை. நைட்ரஜனை நீக்க, முதலில் காற்று ஊட்டி அமோனியாவை நைட்ரேட் ஆக்க வேண்டும். பிறகு காற்றில்லாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கி வெளியேற்ற வேண்டும். கூடுதல் தொட்டி, கூடுதல் மின்சாரம், கூடுதல் பராமரிப்பு.

2015-இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதியில், வெளியேறும் நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரியைக் காணோம். வழக்கு நடந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த வரம்பைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. ஒரு வாயுவுக்காக அமைச்சகமும் தீர்ப்பாயமும் நான்கு ஆண்டு மல்லுக்கட்டின. நல்லது, மல்லுக்கட்ட வேண்டிய விஷயம்தான்.

இதே காலத்தின் இன்னொரு கணக்கு. 1993-இலும் 2013-இலும் கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டங்கள் வந்தன. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. மரணம் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்குகளில் இந்த மரணங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. சமூகநீதி மண் என்று மேடையில் பேசுகிற நாம் தலைகுனிய வேண்டிய முதலிடம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோர நகராட்சி ஒன்றில் கழிவுநீர்த் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் பத்து மில்லிகிராம் என்று அழகாகக் காட்டினார்கள். "தொட்டியில் கசடு சேர்ந்தால் யார் எடுப்பார்கள், அதற்கு எந்த மிஷின், எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துப்பார் மேடம்" என்றார் அதிகாரி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர் அக்கா சிரித்துவிட்டு, "கான்ட்ராக்டரா இறங்கப் போறாரு? என் தம்பியைத்தான் கூப்பிடுவாரு" என்றார்.

1910-இன் திட்டத்தில் விடுபட்ட அதே வரிதான் அன்றைக்கும் விடுபட்டிருந்தது.

நைட்ரஜன் குறைய வேண்டும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வலை வீசுகிறவர்களின் வாழ்வு அதில் இருக்கிறது. ஆனால் நைட்ரஜனை நீக்கும் ஒவ்வொரு தொட்டியும் ஒரு நாள் கழுவப்பட வேண்டிய தொட்டி. மிஷினும் அதை இயக்கும் நிரந்தரப் பணியிடமும் திட்டத்தில் இல்லையென்றால், கடலைக் காப்பாற்றக் கட்டியதே இன்னொரு மலக்குழியாகும்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊருக்குத் திட்ட அறிக்கை வரும்போது தகவல் உரிமைச் சட்டத்தில் அதை வாங்கிப் படியுங்கள். மூன்று கேள்வி போதும். நிலையம் யார் வீட்டுப் பக்கத்தில் வருகிறது? செப்டிக் டேங்க் கசடு உட்பட அனைத்தையும் மனிதர் இறங்காமல் எடுக்க எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? அந்த மிஷினை ஓட்டும் வேலை நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.

ஜெய்பீம்.