இரத்தக் கறையும் பெரொக்சைட்டும்: கழுவுவதற்கு முன்

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவரின் மகன் 2008 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உடைகளும் பொருட்களும் மக்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. அந்தப் படங்களை அவர் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். மகனுக்கும் செம்மணிக்கும் தொடர்பில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்று பின்னேரம் அலுமாரியிலிருந்து ஒரு சேட்டை எடுத்து வைத்தார். கிரிக்கெட் விளையாடப் போய் மூக்கில் அடிபட்டு வந்த நாளில் மகன் போட்டிருந்தது. கழுத்துப் பட்டியில் மண்ணிறக் கறை. தோய்க்க முன்னமே மகன் இல்லாமல் போய்விட்டார்.

"பெரொக்சைட் போட்டால் கறை போகுமாம் பிள்ளை. வடிவாத் தோய்ச்சு வைக்கட்டே?" என்று கேட்டார். வெள்ளவத்தையில் காலி வீதியில் எந்தப் பார்மசியிலும் கிடைக்கும் சிறிய போத்தல் மேசையில் தயாராக இருந்தது.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று சரியாகச் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. நான் படித்தது ஊடகக் கற்கை, இரசாயனவியல் அல்ல.

பாடசாலைப் புத்தகத்தில் ஐதரசன் பரவொட்சைட்டு என்று படித்த அதே திரவம்தான் இது. தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணு, இதில் இரண்டு. அந்த இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு பலவீனமானது. போத்தலில் இருக்கும்வரை மெதுவாகவே உடையும். இரத்தம் பட்டால் ஒரு நொடியில் நுரைத்துப் பொங்கும். அந்த நுரை ஒட்சிசன் வாயு. கிருமி சாகிறது என்று எங்கள் வீடுகளில் சொல்வோம். கிருமியே இல்லாத சுத்தமான இரத்தமும் அப்படித்தான் நுரைக்கும்.

நுரைக்க வைப்பது இரும்பு. செங்குழியத்தில் 'ஈம்' என்ற தட்டையான வளைய மூலக்கூறு உண்டு. நான்கு நைதரசன் அணுக்கள் சுற்றிவரப் பிடித்திருக்க, நடுவில் ஓர் இரும்பணு. ஈமோகுளோபினில் அது ஒட்சிசனைச் சுமக்கிறது. கற்றலேசு என்ற நொதியத்திலும் இதே ஈம்தான். ஆனால் அங்கே வேலை வேறு. முதலாவது பெரொக்சைட் மூலக்கூறு வந்ததும் அதை உடைத்து, ஓர் ஒட்சிசனை இரும்பு தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மிச்சம் தண்ணீராகப் போகிறது. இரண்டாவது மூலக்கூறு வந்து அந்த ஒட்சிசனை வாங்கிக்கொள்ள, தண்ணீரும் ஒட்சிசன் வாயுவும் வெளிவருகின்றன. இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்ததற்குத் தயாராகிறது. தான் செலவாகாமல் வேலையைச் செய்து முடிப்பதால் இதை ஊக்கி என்கிறோம். ஒரு கற்றலேசு மூலக்கூறு ஒரு செக்கனில் மில்லியன் கணக்கான மூலக்கூறுகளை உடைக்கும். யப்பானில் 1946 இல் தகாஹரா என்ற மருத்துவர் ஒரு சிறுமியின் வாய்ப்புண்ணில் பெரொக்சைட் ஊற்றியபோது நுரையே வரவில்லை, இரத்தம் கறுத்துப்போனது. அந்தப் பிள்ளையின் உடலில் கற்றலேசு இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் 3 வீதக் கரைசலின் ஒரு மில்லிலீற்றர் ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் ஒட்சிசனை வெளிவிடும். ஷெல் துண்டு கிடக்கும் பழைய காயம் திறந்துகொண்டால், அந்த ஆழமான துவாரத்துக்குள் இதை ஊற்றாதீர்கள். வாயு வெளியேற வழியில்லாமல் இரத்தக் குழாய்க்குள் போனால் உயிராபத்து. ஆறிவரும் புதிய தசையையும் இது சேதப்படுத்தும்.

கறைக்கு வருவோம். காய்ந்த இரத்தம் மண்ணிறமாவது ஈமில் உள்ள இரும்பு மாற்றமடைவதால். நிறம் மாறினாலும் பெரொக்சைட்டை உடைக்கும் குணம் போவதில்லை. பல பத்தாண்டுகள் பழைய கறையிலும் இருக்கும். 1863 இலேயே ஷோன்பைன் என்ற இரசாயனவியலாளர் இதை இரத்தத்தைக் கண்டறியப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் செய்வது காசில்–மேயர் சோதனை. கறையில் ஒற்றிய பஞ்சில் நிறமற்ற பினோப்தலின் கரைசலையும், பிறகு பெரொக்சைட்டையும் ஒவ்வொரு துளி விடுவார்கள். ஈம் இருந்தால் சில செக்கன்களில் இளஞ்சிவப்பு வரும். பெரொக்சைட் விட முன்னமே சிவந்தால் அது இரத்தத்துக்கான அடையாளமல்ல. அரை நிமிடம் கழித்துச் சிவந்தாலும் கணக்கில் இல்லை. காற்றுப் பட்டாலே அது மெல்லச் சிவக்கும்.

சிவந்தாலும் "இரத்தமாக இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. மீன் இரத்தமும் சிவக்கும். உருளைக்கிழங்கிலும் ஈம் கொண்ட நொதியம் உண்டு. செப்பு உப்பும் ஏமாற்றும். இரத்தம் யாருடையது என்பதை மரபணுப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அந்த மரபணு செங்குழியத்தில் இல்லை. மனிதனின் முதிர்ந்த செங்குழியத்துக்குக் கருவே கிடையாது. அதே துளியில் குறைந்த அளவில் இருக்கும் வெண்குழியங்களில்தான் இருக்கிறது. "சோதனையில் இரத்தம் உறுதி" என்று செய்தி எழுதும் எங்கள் ஆட்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதேயில்லை. நானும் கவனித்ததில்லை.

பெரொக்சைட் கறையில் பட்டால் ஈம் வளையமே வெளிறிச் சிதைகிறது. கறை போவது அதனால்தான். ஒட்சிசன் வெளிவிடும் சலவைத்தூளால் தோய்த்த துணிகளில் இந்த முதற்கட்டச் சோதனைகள் இரத்தத்தைக் காட்டத் தவறுவதை ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்தார் 2009 இல் காட்டினார்கள். மரபணு தப்பியிருக்கக்கூடும். ஆனால் எந்த இடத்தில் வெட்டி எடுப்பது என்று காட்ட அங்கே கறை இருக்காது.

காணாமல் போனவருடையது என்று வீட்டாருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓர் இரத்தக் கறை, எங்காவது எலும்பு கிடைக்கும் நாளில் நேரடியாக ஒப்பிட உதவும். தாயின் கன்னத்துள் ஒற்றியெடுக்கும் மாதிரியும் உதவும்தான். ஆனால் எங்கள் தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு துணி உங்களிடம் இருந்தால் தோய்க்காதீர்கள், அயன் பண்ணாதீர்கள். ஷொப்பிங் பையில் கட்டி வைக்க வேண்டாம். கொழும்புக் கடற்காற்றின் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடித்தால் மரபணு சிதையும். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்தி, கையுறையோடு எடுத்து, சுத்தமான கடதாசிப் பையில் இடுங்கள். யாருடையது, எப்போது, எப்படி வந்த கறை என்று வெளியே எழுதுங்கள். கையளிக்க நேர்ந்தால் சட்டத்தரணி ஊடாக, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அன்ரியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றைத்தான். "அப்ப, கையால தொடவும் கூடாதே?"

கையுறை போட்டால் தொடலாம் என்றேன். போட்டுக்கொண்டு மடித்தார். பையின் மேல் மகனின் பெயரையும், மூக்கில் அடிபட்ட திகதியையும், பந்து எறிந்த பெடியனின் பெயரையும் எழுதினார்.