மெட்ராஸுக்கு வந்த மோர்மன்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. எட்மண்டன் கிரீன் பஸ் நிலையத்தில் நானும் அம்மாவும் மரக்கறிப் பைகளோடு நின்றோம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டி. இப்படி இரண்டு பொடியன்கள் எங்களை நோக்கி வந்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மா வழக்கம்போல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது ஒருவன், "வணக்கம் அம்மா, சுகமா இருக்கிறீங்களா?" என்றான்.

அம்மா திரும்பிவிட்டார்! பஸ் வரும்வரை கதைத்தார்கள். அவன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பிள்ளை. இங்கே ஒரு தமிழ்க் குடும்பம்தான் அந்த நாலு வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்ததாம். அம்மா மதம் மாறவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும், "நல்ல பிள்ளை, தமிழ் கதைக்குது" என்று இரண்டு தரம் சொன்னார்.

அன்று இரவு மோர்மன்களைப் பற்றித் தேடி வாசித்தேன். அவர்களுடைய ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர் 1853லேயே மெட்ராஸுக்கு வந்து ஒரு வருடம் இருந்திருக்கிறார். அவருடைய பெயர் ரிச்சர்ட் பாலன்டைன்.

யார் இவர்?

பாலன்டைன் 1817இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். ரொட்டி சுடும் தொழில் பழகியவர். 1842இல் மோர்மன் சபையில் சேர்ந்தார். அந்தச் சபைக்கு அப்போது வயது பன்னிரண்டுதான். ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 1830இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கியிருந்தார்.

அடுத்த வருடமே பாலன்டைன் தாயோடும் சகோதரங்களோடும் கடல் கடந்து, இலினொய் மாநிலத்தில் மோர்மன்கள் கட்டிய நாவூ என்ற ஊருக்குப் போனார். அது அமைதியான இடமாக இருக்கவில்லை. மிசூரி மாநிலம் ஏற்கெனவே 1838இல் மோர்மன்களை விரட்டியடித்திருந்தது. 1844இல் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. 1846இல் பாலன்டைனையும் வேறு சிலரையும் ஆயுதக் கும்பல் ஒன்று பிடித்துச் சுமார் இரண்டு வாரம் அடைத்து வைத்தது. கடைசியில் எல்லோரும் வீடுகளை விட்டுவிட்டு, மாட்டு வண்டிகளில் மேற்கே போனார்கள். இன்றைய சால்ட் லேக் சிட்டி அப்படித்தான் உருவானது. பெற்றோரிடம் இடம்பெயர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புரியும். ஒன்றையும் மறக்கக் கூடாது: அவர்கள் போய்க் குடியேறிய நிலமும் யூட், ஷோஷோனி என்ற பழங்குடி மக்களின் நிலம்தான்.

வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

பாலன்டைன் 1848இல் சால்ட் லேக் வந்து சேர்ந்தார். ஊரில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா அலைவதைப் பார்த்தார். ஸ்கொட்லாந்திலேயே ஞாயிறு பள்ளி நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் இங்கே கட்டடம் இல்லை. தன் வீட்டைக் கட்டும்போதே ஓர் அறையைப் பிள்ளைகளுக்காகப் பெரிதாகக் கட்டினார். 1849 டிசம்பர் 9ஆம் திகதி, அந்த அறையில் சுமார் 30 பிள்ளைகளோடு வகுப்பு தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் மோர்மன் சபை நடத்தும் ஞாயிறு பள்ளிகளுக்கு அதுதான் ஆரம்பம்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் தமிழ் வகுப்புகள் நினைவுக்கு வந்தன. லண்டனில் எத்தனை வகுப்புகள் யாரோ ஒரு அன்ரியின் வரவேற்பறையிலும், வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்திலும் தொடங்கின!

மெட்ராஸ்

1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் ஒரு மாநாடு நடந்தது. அங்கே இரண்டு விஷயங்கள் நடந்தன. சுமார் நூறு பேரை உலகின் பல பகுதிகளுக்கு ஊழியத்துக்கு அனுப்ப முடிவானது. அத்தோடு, மோர்மன் ஆண்கள் பலதார மணம் செய்கிறார்கள் என்ற செய்தியைச் சபை முதன்முறையாக வெளிப்படையாக அறிவித்தது.

பாலன்டைனுக்குக் கிடைத்த இடம் இந்தியா. மனைவி ஹல்டாவையும் சிறு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார். கையில் பணம் வைத்துக்கொள்ளாமல், போகிற இடத்தில் கிடைப்பதை உண்டு ஊழியம் செய்வது அவர்களுடைய வழக்கம். 1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, ஏப்ரலில் கல்கத்தா. பிறகு ஜூலையில், ராபர்ட் ஸ்கெல்டன் என்ற தோழரோடு மெட்ராஸ்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலம் அது. பாலன்டைன் கூட்டம் நடத்தினார், துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டார், 1854இல் ஒரு மாத இதழும் நடத்தினார். அந்த இதழ் ஆங்கிலத்தில் வந்தது. அவர் பெரும்பாலும் பேசியதும் ஆங்கிலம் தெரிந்தவர்களிடம்தான்: வெள்ளைக்காரச் சிப்பாய்கள், உத்தியோகத்தர்கள், யூரேசியக் குடும்பங்கள். அவர்களோ பலதார மணச் செய்தியைக் கேட்டவுடன் கதவைச் சாத்தினார்கள். சபையின் போதனையை விளக்குவதை விட்டு, பலதார மணத்துக்குச் சாக்குச் சொல்லி ஒரு தனிப் பிரசுரமே எழுத வேண்டிய நிலை அவருக்கு வந்தது. (சபை 1890இல்தான் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1852இல் அறிவித்த தடை, 1978 வரை நீடித்தது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் இந்த வரலாற்றை வாசிக்க வேண்டும்.)

ஒரு வருட உழைப்புக்குப் பிறகு, சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1854 ஜூலையில் பாலன்டைன் ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டனுக்குக் கப்பலேறினார். 1855இல் லிவர்பூலிலிருந்து சுமார் 400 பேரை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போய், செப்டம்பரில் வீடு சேர்ந்தார். உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்! பிறகு யூட்டாவின் ஒக்டன் நகரில் வாழ்ந்து 1898இல் இறந்தார். அவரும் பின்னாளில் மூன்று மனைவியரோடு வாழ்ந்தவர்தான்.

ஏன் தோற்றார்?

பலதார மணம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தானா?

அதே 1853ஆம் ஆண்டு, மெட்ராஸுக்கு மேற்கே இன்னொரு அமெரிக்க மிஷன் தொடங்கியது. அது ஆர்க்காடு மிஷன். தொடங்கியவர்கள் ஸ்கடர் சகோதரர்கள். இவர்களுடைய அப்பா டொக்டர் ஜோன் ஸ்கடர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர். மூத்தவர் ஹென்றி 1822இல் பண்டத்தரிப்பிலேயே பிறந்தவர். அவர் தமிழில் பேசினார், தமிழில் எழுதினார். அந்தக் குடும்பத்தில் வந்த ஐடா ஸ்கடர்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையை 1900இல் தொடங்கினார். இன்றும் எங்கள் சொந்தக்காரர்கள் வைத்தியத்துக்கு வேலூர் போகிறார்கள்.

மொழி தெரிந்தால் எல்லோரும் மதம் மாறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், அதே மிஷன் வழிகளைக் கற்றுக்கொண்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார்! ஆனால் அதுவும் ஓர் உரையாடல்தான். தமிழில் வந்தவர்களுக்குத் தமிழர்கள் தமிழில் பதில் சொன்னார்கள். பாலன்டைனோடு நம்மவர்களுக்குச் சண்டை போடக்கூட வாய்ப்பு இருக்கவில்லை.

என்னை உறுத்துவது இதுதான். பிள்ளைகளுக்காகத் தன் வீட்டின் கதவைத் திறந்தவர், மெட்ராஸில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த தெருக்களைத் தாண்டி, ஆங்கிலம் பேசும் வீடுகளின் கதவுகளையே தட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. தனக்குப் பழகிய மொழியோடு நின்றுவிட்டார்.

நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். அம்மம்மா தமிழில் கேட்பார், நாங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு போனைப் பார்ப்போம். யூட்டாவிலிருந்து வந்த பொடியன் அம்மாவிடம் சொன்ன வார்த்தைகளின் எண்ணிக்கை, சில நாட்களில் நான் அம்மாவிடம் சொல்லும் தமிழ் வார்த்தைகளைவிட அதிகம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தை யார் தொடங்கினது?" மிஷன் பள்ளியோ, சைவப் பள்ளியோ, கட்டாயம் ஒரு கதை இருக்கும். தமிழில் கேளுங்கள். பிழை வந்தாலும் பரவாயில்லை.