விளக்கு ஆடவில்லை

சென்ட்ரலுக்கு ரயிலில் வருகிறவர்களுக்குப் பேசின் பிரிட்ஜைத் தெரியாமல் இருக்க முடியாது. ஊர் வந்துவிட்டதென்று பெட்டிகளை வாசலருகே அடுக்கி வைத்துக்கொண்டு நிற்போம். வண்டி அங்கே நின்றுவிடும். சென்ட்ரல் கூப்பிடு தூரம்தான். ஆனால் சிவப்பு விளக்கு பச்சையாக வேண்டுமே!

அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த என் பெரியப்பாவோடு, சிறு வயதில், ஒரு சித்திரை மாதத்து அந்தியில் நின்றுகொண்டிருந்தேன். பகலெல்லாம் காய்ந்த தண்டவாளங்களுக்கு மேலே, தூரத்துச் சிவப்பு விளக்கு நெளிந்து நெளிந்து ஆடிற்று.

"விளக்கு ஏன் பெரியப்பா ஆடுது?"

"விளக்கு ஆடலைடா. நடுவுலே இருக்கிற சூட்டுக் காத்துதான் ஆடுது."

கண்ணுக்குத் தெரியாத காற்றை, ஆடாத விளக்கைக் கொண்டு பார்த்துவிட்டார் அவர்! பிரபஞ்சத்தையும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் பிடித்தது.

ஒளி நேர்கோட்டில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாரமான பொருளுக்கு அருகே அது எவ்வளவு வளையும் என்று 1915-ல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டார். 1919 மே 29-ந் தேதி சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்கள் அதை ஆதரித்தன. மறுபடி சோதிக்க, 1922 செப்டம்பர் 21 கிரகணத்துக்கு, ஆஸ்திரேலியாவின் வல்லால் என்ற இடத்துக்குப் பல கோஷ்டிகள் போயின. நம் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து எவர்ஷெட்டும் போனார். பாவம், கருவி கைகொடுக்கவில்லை. அதே இடத்தில் முகாம் போட்டிருந்த அமெரிக்காவின் லிக் நிலையத்தாருக்கு விடை கிடைத்தது.

1964-ல் அமெரிக்காவில் பென்ஸியாஸ், வில்ஸன் என்ற இருவரின் ஏரியலில் ஓயாத இரைச்சல் ஒன்று கேட்டது. புறா எச்சமாக இருக்குமோ என்று துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்டு, ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து வந்த ஒளியின் மிச்சம் அது. எல்லா நட்சத்திரங்களுக்கும் பின்னால் எரியும் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒளி வரும் வழியில் கோடானுகோடி நட்சத்திரக் கூட்டங்கள் உண்டு. அவற்றோடு, ஒளியே விடாத இருண்ட பொருளும் உண்டு. நாம் அறிந்த பொருளைப்போல் அது சுமார் ஐந்து மடங்கு. இவை இழுப்பதால் ஒளி சற்றே விலகி வந்து சேருகிறது. நிலாவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு விலகல், அவ்வளவுதான். பழைய ஒளியைத் தெளிவாகப் பார்க்க நினைப்பவருக்கு இது ஒரு தொல்லை. தொல்லையையே சாட்சியாக்கியதுதான் சாமர்த்தியம்.

முறத்தில் அரிசியைப் பரப்பி, மேலே ஒரு மேடுபள்ளமான கண்ணாடியை வைத்துப் பாருங்கள். தனி மணி எதன் அளவும் உங்களுக்குத் தெரியாது, சராசரி தெரியும். ஓரிடத்தில் மணிகளெல்லாம் பெருத்தும், வேறோரிடத்தில் ஒரே பக்கமாக இழுபட்டும் தெரிந்தால், கண்ணாடி எங்கே தடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்தப் பழைய ஒளியிலும் சூடும் குளிருமான திட்டுகள் இருக்கின்றன. அவற்றின் கோணலிலிருந்து, நடுவே இருக்கும் பாரத்துக்குப் படம் வரைகிறார்கள்.

ஒளி வளைவதைக்கொண்டு பிரபஞ்சத்தை அளக்கும் கலையை வளர்த்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்த ரமேஷ் நாராயண். இதைப் பற்றி 1992-ல் அவரும் பிளாண்ட்ஃபோர்டும் விரிவாக எழுதினார்கள். 2011-ல் சிலி நாட்டு அட்டகாமாவில் உள்ள தொலைநோக்கியைக் கொண்டு, சுதீப் தாஸ் முதலானோர் அந்தப் பழைய ஒளியிலிருந்தே இந்தக் கோணலை அளந்துவிட்டார்கள். 2023-ல் அதே தொலைநோக்கியின் குழு, வானத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குப் படம் வெளியிட்டது. பொருள்கள் எதிர்பார்த்த அளவு திரளவில்லையே, கணக்கே பிழையோ என்று வேறு சில ஆராய்ச்சிகள் கிளப்பிய சந்தேகம் அப்போது இருந்தது. கணக்குப்படியே திரண்டிருக்கிறது என்று இந்தப் படம் சாட்சி சொல்லிற்று.

பெரியப்பா இப்போது இல்லை. சொல்லியிருந்தால், "இதைத்தானேடா அன்னைக்கே சொன்னேன்" என்றிருப்பார்.

இன்றும் வண்டி பேசின் பிரிட்ஜில் நிற்கிறது. கூட வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். நான் தூரத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.