மரத்துப்போன உதட்டின் சரித்திரம்

நோன்பு துறக்கையில் கஞ்சி நாடியில் வழிந்தால் எனக்குத் தெரிவதில்லை. எதிரே இருக்கும் மகள்தான் சைகை காட்டுவாள். 2012ஆம் ஆண்டில் சென்னையில் எனது இரு தாடைகளையும் அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்தினார்கள். உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய்க்கான சத்திரசிகிச்சை அது. அன்று மரத்த கீழுதடு இன்னும் முழுமையாக விழிக்கவில்லை.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் குறட்டை என்பது நோயன்று, கேலிப்பொருள். உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836இல் எழுதத் தொடங்கிய நாவலில் எந்நேரமும் தூங்கிவழியும் பருத்த சிறுவன் ஒருவன் வருகிறான். 1956இல் அமெரிக்க வைத்தியர்கள் அந்நாவலின் பெயரையே ஒரு நோய்க்குச் சூட்டினர். உறங்குவோரின் மூச்சு திரும்பத் திரும்பத் தடைப்படுவதை 1965இல் பிரெஞ்சு, ஜேர்மன் ஆய்வாளர்கள் தனித்தனியே பதிவு செய்தனர். ஆரம்பத்தில் கிடைத்த பரிகாரமோ, தொண்டையில் துளையிடுவது!

கீழ்த்தாடையை முன்னகர்த்தினால் நாக்கின் பின்புறம் மூச்சுவழி விரிகிறது என்ற உண்மை 1979இல் ஏடேறியது. அறுக்கும் முறை புதிதன்று. கோணலான தாடைகளைச் சீராக்க ஹியூகோ ஒப்வேகெசர் வகுத்த முறை 1957இலேயே ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. மேல்தாடையை அறுக்கும் கோட்டுக்கு ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயர். சடலங்களின் முகங்களை மோதி உடைத்து, எலும்பு எங்கெங்கே பிளக்கிறது என்று 1901இல் எழுதி வைத்தவர் அவர். பிறர் முகம் உடைந்த கணக்கில்தான் என் முகம் அறுக்கப்பட்டிருக்கிறது.

1980களில் ஸ்டன்போர்ட்டில் பவல், ரைலி ஆகியோர் இரு தாடைகளையும் சேர்த்து நகர்த்தும் முறையை வளர்த்தெடுத்தனர். 2000ஆம் ஆண்டில் அக்குழுவினர் 40 பேரைச் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் மீளப் பரிசோதித்தபோது 36 பேரிடம் பலன் நிலைத்திருந்தது. 2016இல் 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மணிக்கு 57 தடவை தடைப்பட்ட மூச்சு பத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. முற்றாகக் குணமடைந்தோர் பத்தில் நால்வருக்கும் குறைவே.

மரத்த உதடோ இவ்வெற்றிக் கணக்கில் சேர்வதில்லை. உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வூட்டும் நரம்பு கீழ்த்தாடை எலும்பின் உள்ளேயே ஓடுகிறது; பிளக்கும் இடமும் அதுவே. பலருக்கு மாதங்களில் உணர்வு மீளும், சிலருக்கு மீளாது. பத்திரிகைக்காரனுக்குப் பழக்கமான சங்கதிதான்: வெற்றி முதற்பக்கத்தில், இழப்பு உட்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக. சவரம் செய்கையில் கண்ணாடியில் இரத்தத்தைக் கண்ட பின்னரே வெட்டுப்பட்டதை அறிகிறேன்.

சாய்ந்தமருதில் இருக்கும் என் காக்காவுக்கும் இதே நோய். அவர் கத்திக்கு அஞ்சி, அவுஸ்திரேலியரான கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்திய காற்றழுத்த இயந்திரத்தை நம்பினார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டது. நள்ளிரவு தாண்டியும் இருள். படுத்தால் மூச்சடைக்கும் என்று காக்கா சாய்மனைக் கதிரையில் விழித்தே கிடந்தார்.

"உன்ட தாடைக்குக் கரண்ட் தேவயில்லடா தம்பி" என்றார் ஒரு விடியற்காலையில். நான் நன்றாகத் தூங்கி எழுந்து போயிருந்தேன். அவர் தந்த தேநீர் என் நாடியில் சொட்டியதை அவர்தான் துடைத்துவிட்டார்.