கேரளப் பள்ளிகளின் இயங்குதள மாற்றம்

கேரள அரசு 2001ஆம் ஆண்டில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸே இயங்கியது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளைப் பாடமாக்குவதை ஆசிரியர் அமைப்பும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எதிர்த்தனர். சில ஆண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன. பின்னர் லினக்ஸ் முழுமையாக இடம்பெற்றது. 2008இல் பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வு கட்டற்ற மென்பொருளில் மட்டுமே நடந்தது.

இம்மாற்றத்தின் பளுவைச் சுமந்தவர்கள் ஆசிரியர்கள். முயன்று பழகிய ஒன்றை விட்டு மீண்டும் மாணவராக அமர்வது நடுவயதினருக்கு எளிதன்று. வகுப்பின்முன் தடுமாற நேருமோ என்ற கூச்சமும் உண்டு. இதற்குத் திட்டம் கண்ட வழி, பயிற்சியை வெளியாரிடம் விடாததே. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் உருவாயினர். பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளரானார். ஐயம் எழுந்தால் கேட்க, அதே பள்ளியில் உடன் பணியாற்றுபவர் ஒருவர் இருந்தார். பாடநூல்களும் புதிய மென்பொருளை ஒட்டியே எழுதப்பட்டன.

அலுவலகங்களில் மென்பொருளை மாற்றுவோர் பெரும்பாலும் உரிமக் கட்டணத்தையே கணக்கிடுகின்றனர். பழகிய கையின் தயக்கமும் ஒரு செலவுதான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டதாலேயே கேரளத்தின் மாற்றம் நிலைபெற்றது.