மருந்து பூசிய செயற்கை ரத்தக்குழாய்

டயாலிசிஸ் நோயாளியின் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் செயற்கைக் குழாயில், பாதை குறுகாமலிருக்க மருந்து ஏற்றிய வகை. சொந்த நாளங்களைக் கொண்டே ஃபிஸ்டுலா என்னும் நேரடி இணைப்பை அமைக்க இயலாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் இக்குழாய் பொருத்தப்படுகிறது. பொருள் பி.டி.எஃப்.இ., அதாவது டெஃப்லான். விட்டம் வழக்கமாக 6 மி.மீ.

சிக்கல் பெரும்பாலும் குழாய் சிரையோடு சேரும் தையலருகேதான் தொடங்கும். தமனியின் வேகத்துக்குப் பழகாத மெல்லிய சிரைக்குள் ரத்தம் சுழித்துப் பாய, உட்சுவரில் மென்தசைச் செல்கள் பெருகித் தடிக்கின்றன. கடைசியில் ரத்தம் உறைந்து, தொட்டால் தெரியும் அதிர்வு நின்றுபோகிறது. இதை மாத்திரையால் தடுக்க முடியுமா என்று பார்த்த, 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 649 பேர் பங்கேற்றனர். போலி மாத்திரை பெற்றவர்களில் ஓராண்டு சிகிச்சைத் தலையீடின்றித் தாங்கிய குழாய்கள் 23 சதவீதமே. டிபிரிடமோல்-ஆஸ்பிரின் மாத்திரை அதை 28 ஆக உயர்த்தியது. பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை.

அதனால்தான் மருந்தை அடைப்பு உருவாகும் இடத்திலேயே வைக்கும் யோசனை வலுத்தது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்சல், ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரி தந்த சிரோலிமஸ் இரண்டுமே செல் பெருக்கத்தை முடக்குபவை. பாக்லிடாக்சல் பூசிய குழாய்கள் பன்றிகளில் தடிப்பைக் குறைத்தன. அளவு மிஞ்சினால் காயம் ஆறுவதும் தடைபடும் என்பதே இதிலுள்ள இக்கட்டு.

ஹெப்பாரின் பிணைத்த குழாய்கள் விற்பனையில் உள்ளன. அவற்றின் முதல் வேலை உறைவைத் தடுப்பது. பாக்லிடாக்சல் பூசிய பலூனால் குறுகிய இடத்தை விரிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது.