மாவு அறிந்த கைகள் – அத்தியாயம் 4: 6,000 டாலர் கடை

ஜோனஸ் பெய்லர் என்ன சொல்லப்போகிறார்? சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

அவருடைய மனைவி ஆன், பல ஆண்டுகளாக நெஞ்சில் பூட்டி வைத்திருந்த எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டார். 1975 செப்டம்பரில் பண்ணை முற்றத்தில் டிராக்டரில் அடிபட்டு இறந்துபோனாள் அவர்களுடைய 19 மாதக் குழந்தை. வண்டியை ஓட்டியவர் ஆனின் உடன்பிறந்தவர். அதனால் யாரையும் திட்டி அழக்கூட வழியில்லாத துக்கம் அது. ஆறுதல் தேடிப் போன இடத்திலோ, போதகராக இருந்தவரே அந்தத் துக்கத்தைப் பயன்படுத்தி ஆனைச் சீரழித்தார். அந்தக் கொடுமை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

ஜோனஸ் விலகிப் போகவில்லை. உடைந்த குடும்பத்தை எப்படி ஒட்டுவது என்று அறிந்தவர்களைத் தேடிப் போனார். கார்களின் நசுங்கல் எடுத்துப் பிழைத்த அந்த மனிதர், பிறகு தாமே மனநல ஆலோசனை கற்றுக்கொண்டார். தம்மைப்போல் தவிக்கும் குடும்பங்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. 1987-இல் இருவரும் டெக்சஸிலிருந்து சொந்த மண்ணான பென்சில்வேனியாவுக்குத் திரும்பினார்கள்.

ஆசை சரி, அடுப்பு எரிய வேண்டுமே! இனி நான் சம்பாதிக்கிறேன் என்று ஆன் முன்வந்தார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவர். கையில் இருந்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: மாவு பிசைவது.

அந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நகர முடியாது. பென்சில்வேனியாவில் அவர்கள் ஊர் இருக்கும் லான்காஸ்டர் கவுண்டி வட்டாரத்தில் மென்னோனைட்டுகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 1710-இல் குடியேறினார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததற்காகவும் ஆயுதம் தொட மறுத்ததற்காகவும் ஐரோப்பாவில் விரட்டப்பட்டவர்கள் அவர்கள். 1719-இல் அவர்கள் கட்டிய ஒரு கல்வீடு இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கு முன்பே, 1693-இல் ஐரோப்பாவில் மென்னோனைட்டுகளிடமிருந்து பிரிந்த கிளைதான் ஆமிஷ். ஆன் 1949-இல் பிறந்தது கார், மின்சாரம் இரண்டையும் விலக்கி வைத்த ஆமிஷ் வீட்டில். அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, இவற்றை ஏற்றுக்கொண்ட ஆமிஷ்-மென்னோனைட் சபைக்குக் குடும்பம் மாறியது. எட்டுப் பிள்ளைகள், பண்ணை வேலை, வாராவாரம் சந்தை. 12 வயதிலேயே சந்தைக் கடைக்காகக் கேக்கும் ‘பை’ என்னும் பலகாரமும் சுடத் தொடங்கிய கைகள் அவை. எந்தக் கல்லூரியும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை. ஆனால் மாவு எப்போது பதத்துக்கு வருகிறது என்பது அந்த விரல்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் மேரிலாந்தில் ஒரு சந்தைக் கடையில் ஆன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் பிரெட்செல் விற்கும் வேகத்தைக் கண்ணால் பார்த்தார்.

நம் ஊர்க் கைமுறுக்கைப்போல் இதையும் கையால்தான் முறுக்க வேண்டும். ஆனால் இது எண்ணெயில் பொரிப்பதல்ல. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த கோதுமை மாவு. அதை நீளக் கயிறாக உருட்டி, இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி, ஒரு சுழற்று சுழற்றி, மடித்து ஒட்ட வேண்டும். சோடா கரைத்த நீரில் முக்கி அடுப்பில் வைத்தால் மேல்தோல் பழுப்பேறும். உள்ளே பஞ்சாக இருக்கும். சூட்டோடு வெண்ணெய் தடவித் தருவார்கள். லான்காஸ்டருக்கு இது புதிதல்ல. அமெரிக்காவிலேயே வணிகத்துக்காகப் பிரெட்செல் சுட்ட முதல் அடுமனை, 1861-இல் அதே வட்டாரத்தின் லிட்டிட்ஸ் ஊரில் தொடங்கியதுதான்.

1988 பிப்ரவரியில் டவுனிங்டவுன் உழவர் சந்தையில் ஒரு கடை விலைக்கு வந்தது. மாமனார் வீட்டில் 6,000 டாலர் கடன் வாங்கி ஆன் அதை எடுத்தார். பீட்சா, ஐஸ்கிரீம், பிரெட்செல் எல்லாம் உண்டு. கணவர் காசில்லாமல் ஆலோசனை சொல்ல வேண்டும், மனைவி அதற்குச் சம்பாதித்துப் போட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். பிற்காலத்தில் உலகமே அறிந்த ஒரு வணிகத்தின் தொடக்கத்தில் பேராசை என்று எதையும் என்னால் காண முடியவில்லை. ஒரு குழந்தையின் சாவையும், அதைத் தாங்கி எழுந்த இரண்டு பேரையும்தான் காண்கிறேன்.

ஆனால், கடை திறந்ததும் தலைவலி பிரெட்செலிலேயே வந்தது. பிசைந்தும் சுட்டும் பார்த்தார். சுவை கூடவே இல்லை. 12 வயதில் சந்தையையே தம் பலகாரத்தால் இழுத்தவருக்கு இது எவ்வளவு உறுத்தியிருக்கும்! இதை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கே ஆன் வந்துவிட்டார்.

அப்போது ஜோனஸ் குறுக்கிட்டார். மாவில் இன்னும் சில பொருள்களைச் சேர்த்துப் பார்க்கலாமே என்றார். சமையல் அறியாத கார் மெக்கானிக் சொன்ன யோசனை! ஆனாலும் ஆன் மறுக்கவில்லை. மாவு மறுபடி பிசையப்பட்டது, பொங்கியது, கயிறாக நீண்டது, முறுக்கப்பட்டது, அடுப்புக்குள் போனது.

தட்டு வெளியே வந்த பிறகு, அந்தக் கடையின் விற்பனைப் பட்டியலிலிருந்து பீட்சா, பிரெட்செல் இரண்டில் ஒன்று சீக்கிரமே காணாமல் போனது.

எது?

(தொடரும்)